சிலிக்கான் சிப்பில் நாலு வளையங்களை ஹீட்டரால் சுருதி சேர்த்தது

சிப் 9 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம். அதன் ஓர் ஓரத்தில் ஒரு நேர்கோட்டு அலைவழி, அதாவது ஒளி ஓடும் பாதை. அதை ஒட்டி நாலு வளையங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 100 மைக்ரான் இடைவெளி. வளையத்தின் ஆரம் 10 மைக்ரான் அளவில். ஒளி ஓடும் சிலிக்கான் கோடு 220 நானோமீட்டர் உயரம், 450 நானோமீட்டர் அகலம். அதற்கு மேலே ஒன்றரை மைக்ரான் கண்ணாடிப் படலம், அந்தப் படலத்துக்கு மேலே குதிரை லாட வடிவத்தில் டைட்டானியம் நைட்ரைடு ஹீட்டர். மைக்ராஸ்கோப்பில் முதலில் கண்ணில் படுவது ஹீட்டர்தான். வளையம் அதன் அடியில் மங்கலாகத் தெரியும்.

நாலு வளையங்களும் ஆளுக்கொரு அலைநீளத்தைப் பிரித்தெடுத்து, தத்தம் வெளிவழியில் அனுப்ப வேண்டும். தொலைத்தொடர்பில் எல்லோரும் பின்பற்றும் ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) அலைவரிசைக் கட்டத்தில் 200 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியை எடுத்துக்கொண்டோம். நானோமீட்டரில் சொன்னால் 1547.72, 1549.32, 1550.92, 1552.52. வரைபடத்தில் ஒவ்வொரு வளையத்தின் ஆரத்தையும் முந்தையதைவிட 18 நானோமீட்டர் கூட்டினால் ஒத்ததிர்வு, அதாவது வளையம் பிடித்துக்கொள்ளும் அலைநீளம், 1.6 நானோமீட்டர் தள்ளிப்போகும். கணக்குப்படி எல்லாம் கட்டத்தில் கச்சிதமாக விழுந்தது.

சிப்பில் அப்படி விழாது என்பது இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அலைவழியின் அகலம் ஒரு நானோமீட்டர் மாறினால் ஒத்ததிர்வு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் நகரும். உயரம் மாறினால் அதைவிட அதிகமாக நகரும். ஒரு நானோமீட்டர் என்பது சிலிக்கான் படிகத்தில் முழுசாக இரண்டு அலகுகூட இல்லை. அந்தத் துல்லியத்தை, சிப்களை வெட்டியெடுக்கும் சிலிக்கான் வட்டான வேஃபர் முழுக்கப் பிடித்துவைக்க எந்தத் தொழிற்சாலையாலும் ஆகாது. அதனால் வளையம் வரைந்தால் கூடவே ஹீட்டரும் வரைந்தாக வேண்டும். 2005-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிகால் லிப்சன் குழு ஒளியில் தகவலை ஏற்றும் சிலிக்கான் வளைய மாடுலேட்டரைச் செய்து காட்டியது. அந்த வகை வளையங்களை வைத்து 2025 மார்ச்சில் என்விடியா நிறுவனம் ஒளி இணைப்பு ஸ்விட்ச்சுகளை அறிவித்தது. இடையில் கழிந்த இருபது வருடங்களில் வளையத்தை அதன் அலைநீளத்தில் நிறுத்திவைப்பதற்கே பெரும் உழைப்பு போயிருக்கிறது. சின்ன அளவில் நாங்கள் செய்ததும் அதே வேலைதான்.

சூடாக்கினால் வளையம் ஏன் நகர்கிறது? 1550 நானோமீட்டரை ஒட்டி, ஒரு டிகிரி சூடேறினால் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 0.000186 கூடுகிறது. சுற்றியுள்ள கண்ணாடிக்கு இதில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். இரண்டும் சேர்ந்து வளையத்தில் டிகிரிக்கு 0.075 நானோமீட்டர் நகர்வாக வரும். அறையின் சூடு வளையத்தைக் கலைப்பதும் இதனால்தான், நாம் சூடு கொடுத்துத் திருத்த முடிவதும் இதனால்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஹீட்டரால் சூடேற்ற முடியும், குளிர்விக்க முடியாது. வளையத்தை நீண்ட அலைநீளப் பக்கம், அதாவது சிவப்புப் பக்கம் மட்டுமே தள்ளலாம். நீலப் பக்கம் இழுக்க வழியில்லை.

மேடையும் லேசரும்

சிப்பைச் செப்பு மேடையில் வைத்து, அடியில் மேடையைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் பெல்டியர், மேடைக்குள் வெப்பநிலையை அளக்க 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர். மேடையை 30 டிகிரியில் நிறுத்தினோம். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். ஏசி நின்று கதவு திறந்திருந்தால், 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற உலோகத்தில் பனி கோக்க ஆரம்பித்துவிடும். வெளிநாட்டுச் செய்முறைகளில் 20 டிகிரி என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், சிப்பின் மேலும் ஃபைபர் முனையிலும் நீர்த்துளி நிற்கும்.

ஃபைபருக்கும் சிப்புக்கும் இடையே ஒளியை ஏற்றி இறக்குவது கிராட்டிங் கப்ளர். ஃபைபர் வரிசையை அதற்கு மேலே, செங்குத்திலிருந்து 8 டிகிரி சாய்த்து இறக்கினோம். ஒவ்வொரு கப்ளரிலும் ஒளியில் 5 டெசிபல், அதாவது மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் போய்விடும். மேடையின் வெப்பநிலையை மாற்றும்போது உலோகம் விரிந்து ஃபைபர் ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் விலகும். ஆகவே ஒவ்வொரு வெப்பநிலையிலும் மறுபடி ஃபைபரைச் சரிசெய்த பிறகே அளக்க வேண்டும். இல்லையென்றால் அளவு குறைந்தது வளையத்தாலா, ஃபைபர் விலகியதாலா என்று பிரிக்க முடியாது.

லேசரின் பவரை எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. குறுகிய அலைநீளத்திலிருந்து நீண்டதற்கு ஒரு ஓட்டம், திரும்ப நீண்டதிலிருந்து குறுகியதற்கு ஒரு ஓட்டம். அலைவழியைக் கடந்து வரும் ஒளியை வரைந்தால் ஒத்ததிர்வு இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் விழும். இரண்டு ஓட்டங்களின் வரைகோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் சரி. பவர் அதிகமானால் வளையத்துக்குள் தேங்கும் ஒளியே சிலிக்கானைச் சூடாக்கிவிடும். முன்னோக்கிப் போகும்போது லேசர் ஒத்ததிர்வைத் தன்னோடு இழுத்துக்கொண்டே போகும், பள்ளம் சமச்சீராக இல்லாமல் ஒரு பக்கம் சரிந்த முக்கோணமாக வரும். திரும்பி வரும்போது வேறு இடத்தில் திடீரென்று விழும். இந்த நிலையில் ஹீட்டரை அளந்தால் லேசரின் சூட்டையும் சேர்த்தே அளக்கிறோம். பவரைக் குறைத்துக்கொண்டே வந்து, இரண்டு கோடுகளும் ஒன்றான இடத்தில் நிறுத்தினோம்.

ஹீட்டர்களைத் தொடாமல் எடுத்த முதல் வரைகோட்டில் நாலு பள்ளங்கள். 1546.35, 1549.02, 1549.71, 1551.88. ஒவ்வொரு பள்ளத்தின் அகலமும் 0.1 நானோமீட்டர் அளவில். எது எந்த வளையம் என்று இடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு ஹீட்டருக்கும் ஒரு மில்லிவாட் கொடுத்து, எந்தப் பள்ளம் நகர்கிறது என்று பார்த்தோம். இடமிருந்து வலமாக வளையங்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொண்டால், 1546.35 அ. நடுவில் இருந்த இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. 1549.71 ஆ, 1549.02 இ. கடைசி 1551.88 ஈ.

மேடையை 25-லிருந்து 45 டிகிரி வரை ஏற்றி எடுத்ததில் நாலும் ஒரே மாதிரி 1.5 நானோமீட்டர் நகர்ந்தன. டிகிரிக்கு 0.075 என்ற எண் கையில் வந்தது. இந்த எண் பின்னால் ரொம்ப உதவியது. எந்த நகர்வைப் பார்த்தாலும் அதை 0.075-ஆல் வகுத்தால் அந்த வளையத்தின் வெப்பநிலை தெரிந்துவிடும். சிப்பில் எங்கெல்லாம் வளையம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு வெப்பமானி இருக்கிறது என்று அர்த்தம்.

ஊசியும் ஹீட்டரும்

டங்ஸ்டன் ஊசிகளை மின் இணைப்புக்கான அலுமினியப் பேடில் இறக்கி, லேசாக உரசவிட்டு, மேலே இருக்கும் ஆக்சைடைக் கீறிய பிறகே தொடர்பு நிலையாகும். மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசியைத் தூக்கவே கூடாது. பேடின் ஓரம் பொறி பட்டுக் கருகும். குளிர்ந்த நிலையில் ஹீட்டரின் மின்தடை 250 ஓம். 30 மில்லிவாட் போகும்போது அது ஐந்து சதவீதம் போல ஏறியிருந்தது. 30 மில்லிவாட்டுக்குத் தேவைப்பட்டது 11 மில்லியாம்பியரை ஒட்டி, வோல்டேஜ் 2.7-ஐத் தாண்டி.

வோல்டேஜை கிடைக்கோட்டில் போட்டு ஒத்ததிர்வின் நகர்வை வரைந்தால் வளைந்துகொண்டே மேலே போகும் கோடு வரும். அதே அளவுகளை மில்லிவாட்டுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. மில்லிவாட்டுக்கு 0.27 நானோமீட்டர். கடைசிப் பகுதியில் மட்டும் மேல்நோக்கிச் சற்றே வளைகிறது. இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். ஹீட்டரோடு வேலை செய்யும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் மனசிலிருந்து எடுத்துவிட்டு, வாட்டில் மட்டும் யோசிக்க வேண்டும். சிப்புக்குத் தெரிவது சூடு மட்டும்தான். சூட்டில் கூட்டல் கழித்தல் செல்லும், வோல்ட்டில் செல்லாது. மென்பொருளிலும் மேலடுக்கு முழுவதும் மில்லிவாட்டில் பேசும்படி எழுதினோம். மின்னோட்டமாக மாற்றும் வர்க்கமூலம் கடைசி வரியில் மட்டும் வரும்.

ஒரு வளையத்துக்கு ஒத்ததிர்வு ஒன்றல்ல, ஏறத்தாழ சம இடைவெளியில் பல. ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது அடுத்த ஒத்ததிர்வு அதே இடத்துக்கு வர, 9.1 நானோமீட்டர் நகர வேண்டும். 34 மில்லிவாட் ஆகும். ஹீட்டரை நீட்டினால் பவர் குறையுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் குறையாது. இரண்டு மடங்கு நீளம் என்றால் பாதிச் சூடு போதும். ஆனால் அந்தப் பாதிச் சூட்டை இரண்டு மடங்கு நீளத்துக்குக் கொடுக்க வேண்டும். சூடு அடியில் இருக்கிற 2 மைக்ரான் ஆக்சைடு வழியாகக் கீழே இறங்குகிற வேகம்தான் பவரைத் தீர்மானிக்கிறது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் அகழி வெட்டலாம், அல்லது அடியில் இருக்கும் சிலிக்கானைக் குடைந்து எடுத்துவிடலாம். அப்போது பவர் பல மடங்கு குறையும், கூடவே வேகமும் குறையும்.

சூடாக்கினால் பக்கத்து வளையம் நீலத்துக்குப் போனது

இனி இந்த வேலையின் சுவாரசியமான பகுதி. நாலு ஹீட்டர்களுக்கும் தனித்தனி நேர்முனைப் பேட், ஆனால் மின்னோட்டம் திரும்பிப் போகும் கிரவுண்ட் பேட் ஒன்றே ஒன்று. சிப்பில் இடம் விலை அதிகம், பேட்கள் இடத்தைத் தின்னும், எனவே பலரும் இப்படித்தான் வரைவார்கள். ஹீட்டர்களை ஓட்டியது வோல்டேஜ் கொடுக்கும் ஒரு பலவழிப் பலகை.

ஆ வளையத்தை 2 வோல்ட்டில், 16 மில்லிவாட்டை ஒட்டி நிறுத்திவிட்டு, அ வளையத்தின் ஹீட்டரை 30 மில்லிவாட் வரை ஏற்றினோம். சூடு பரவி ஆ சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகர வேண்டும். நகர்ந்தது நீலப் பக்கம், 0.07 நானோமீட்டர். அ-வை இறக்கினால் ஆ பழைய இடத்துக்குத் திரும்பியது. எத்தனை முறை செய்தாலும் அதே.

பக்கத்தில் அடுப்பு எரியும்போது ஒரு பொருள் குளிராது. ஆக, ஆ வளையம் குளிர்ந்திருக்கிறது என்றால் அதன் சொந்த ஹீட்டருக்குப் போகும் பவர் குறைந்திருக்கிறது. இதைச் சோதிக்க ஆ ஹீட்டரைச் சுத்தமாக அணைத்துவிட்டு அ-வை மறுபடி 30 மில்லிவாட்டுக்கு ஏற்றினோம். இப்போது ஆ சிவப்புப் பக்கம் 0.12 நகர்ந்தது. அப்படியானால் உண்மையான வெப்பக் கசிவு 0.12 சிவப்பு. ஆ ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அதன்மேல் 0.19 நீலம் ஏறுகிறது.

இன்னொரு ஊசியைக் கிரவுண்ட் தடத்தில் வைத்து வோல்டேஜை அளந்ததும் எல்லாம் விளங்கியது. அ-வில் 11 மில்லியாம்பியர் ஓடும்போது சிப்பின் கிரவுண்ட் 44 மில்லிவோல்ட் மேலே எழும்பியிருந்தது. பொதுத் தடத்தின் தடையும் ஊசி முனையின் தொடர்புத் தடையும் சேர்ந்து 4 ஓம். பலகை ஆ-வுக்குக் கொடுப்பது 2 வோல்ட்தான், ஆனால் ஹீட்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே நிற்பது 1.956 வோல்ட். பவர் வோல்டேஜின் வர்க்கம் என்பதால் 2.2 சதவீதக் குறைவு 4.4 சதவீதமாகிவிடுகிறது. 16 மில்லிவாட்டில் 0.7 போய்விடும். அதை 0.27-ஆல் பெருக்கினால் 0.19 நானோமீட்டர். மீட்டரில் வந்த எண்ணும் பேப்பரில் வந்த எண்ணும் ஒன்றானதில் இருந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

இதில் பயமான விஷயம் ஒன்று இருக்கிறது. கிரவுண்ட் தடை கொஞ்சம் குறைவாக, 2.5 ஓம் அளவில் இருந்திருந்தால், நீல நகர்வும் சிவப்பு நகர்வும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கசிவே இல்லை என்று தோன்றியிருக்கும். ஆ-வை வேறு பவரில் வைத்தவுடன் அந்தச் சமநிலை குலைந்துபோகும், காரணம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதனால் பக்கத்து வளையத்தின் கசிவை அளக்கும்போது அது ஓடும் நிலையிலும் ஒருமுறை, அணைத்த நிலையிலும் ஒருமுறை அளக்கச் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பிரச்சினை சூட்டில் இல்லை, கம்பியில்.

தீர்வு, வோல்டேஜ் பலகையைக் கழற்றிவிட்டு மின்னோட்டம் கொடுக்கும் பலகைக்கு மாறியது. எல்டிசி 2662 என்று ஒரு சிப் இருக்கிறது. ஐந்து வழி, 16 பிட், ஒவ்வொரு வழியும் மின்னோட்டமாகவே வெளியே வரும். பொதுக் கிரவுண்டோடு ஹீட்டர் ஓட்டுபவர்களுக்கு ரொம்பப் பொருத்தம். கிரவுண்ட் எவ்வளவு எழும்பினாலும் ஹீட்டருக்குள் போகும் மின்னோட்டம் மாறாது. 25 மில்லியாம்பியர் வரம்பில் ஒரு படி 0.4 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு, 11 மில்லியாம்பியர் பக்கத்தில் அது 2 மைக்ரோவாட். வளையத்தில் ஒரு பிக்கோமீட்டருக்கும் குறைவான நகர்வு.

மின்னோட்டத்தால் ஓட்டும்போது கவனிக்க வேண்டியது வேறொன்று. சூடேறச் சூடேற ஹீட்டரின் தடை ஏறும், மின்னோட்டம் மாறாததால் பவரும் கூடவே ஏறும். ஐந்து சதவீதம்தான், ஓடிப்போய் எரிந்துவிடாது. ஆனால் 250 ஓம் என்று ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் இலக்கைத் தாண்டி நிற்கும். ஒவ்வொரு வழியிலும் வோல்டேஜை அளந்து, மின்னோட்டத்தோடு பெருக்கி, உண்மையான மில்லிவாட்டை எடுத்துக்கொண்டோம். கிரவுண்ட் எழுச்சி அந்த வோல்டேஜ் அளவிலும் புகுந்துவிடும் என்பதால் கிரவுண்ட் தடத்தில் வைத்த கூடுதல் ஊசியை அப்படியே விட்டுவைத்து, அதைப் பார்த்து அளந்தோம். மாற்றிய பிறகு ஆ ஓடினாலும் அணைந்திருந்தாலும் அ-வின் 30 மில்லிவாட்டுக்கு 0.12 சிவப்பு.

இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்த சாட்சி

சிப்பின் மறுகோடியில், 2 மில்லிமீட்டர் தள்ளி, ஹீட்டர் இல்லாத ஒரு சோதனை வளையம் இருந்தது. நாலு ஹீட்டர்களையும் ஆளுக்கு 25 மில்லிவாட்டில் ஓட்டிவிட்டு அதைப் பார்த்தோம். 0.09 நானோமீட்டர் நகர்ந்திருந்தது. 0.075-ஆல் வகுத்தால் 1.2 டிகிரி. அதே நேரத்தில் மேடையின் தெர்மிஸ்டர் அசையவே இல்லை. இவ்வளவு தூரத்துக்கு ஹீட்டரின் நேரடிச் சூடு போகாது. அப்படியானால் சிப் முழுவதுமே மேடையைவிட 1.2 டிகிரி சூடாக உட்கார்ந்திருக்கிறது.

ஆசிலோஸ்கோப்பும் அதையே சொன்னது. லேசரை ஒரு பள்ளத்தின் சரிவில் நிறுத்தி, ஹீட்டருக்குச் சதுர அலை கொடுத்தால் ஒளி எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். முதல் பெரிய மாற்றம் இருபது மைக்ரோ வினாடி அளவில் முடிந்துவிடும். அது வளையத்தைச் சுற்றியுள்ள கண்ணாடி சூடேறும் நேரம். அதற்கப்புறம் ஒரு சின்ன வால், ஒரு வினாடி போல இழுத்துக்கொண்டு அடங்கியது. அது முழுச் சிப்பும் சூடேறும் நேரம்.

முதல் பார்வைக்காகச் சிப்பை வழக்கம்போல் இரட்டைப் பக்கக் கார்பன் டேப்பில் ஒட்டியிருந்தோம். ஒட்டவும் பிரிக்கவும் அதுதான் சுலபம், சிப்புக்கும் சேதமில்லை. ஆனால் சூட்டுக்கு அது சுவர். 27 சதுர மில்லிமீட்டர் பரப்பில், 0.16 மில்லிமீட்டர் தடிமனில், வாட்டுக்கு 12 டிகிரி என்பது கணக்கில் வரக்கூடிய எண்தான். டேப்பை எடுத்துவிட்டு வெள்ளிப் பசையை மெல்லிசாகத் தடவி, சிப்பை அழுத்தி, உலரவிட்டோம். அதே 100 மில்லிவாட்டுக்குச் சோதனை வளையத்தின் நகர்வு 0.09-லிருந்து 0.01-க்குள் வந்தது. வாலும் போய்விட்டது. ஹீட்டர் போட்ட சிப்பை அளப்பவர்கள், முடிந்தால் ஒரு தூரத்து வளையத்தைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

கசிவு அணி, இடமாற்றம்

மின்சாரக் கசிவும் சிப் சூடும் ஒழிந்த பிறகு மிஞ்சியது பக்கத்திலிருந்து பரவும் உண்மையான சூடு. இதை ஒழிக்க முடியாது, ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். ஒவ்வொரு ஹீட்டருக்கும் தனித்தனியாகப் பவர் கொடுத்து நாலு வளையங்களும் எவ்வளவு நகர்கின்றன என்று எழுதினால் நாலுக்கு நாலு அணி (மேட்ரிக்ஸ்) கிடைக்கும். தன் ஹீட்டருக்கு மில்லிவாட்டுக்கு 0.27, அடுத்த வளையத்துக்கு 0.004, அதற்கடுத்ததற்கு 0.002, கடைசிக்கு 0.001. வேண்டிய நகர்வுகளை இந்த அணியின் தலைகீழால் பெருக்கினால் நாலு ஹீட்டர்களுக்கும் வேண்டிய பவர் ஒரே அடியாக வந்துவிடும். வாட்டில் யோசிப்பதன் பலன் இங்கே கையில் கிடைக்கிறது. வோல்ட்டில் எழுதினால் அணியே எழுத முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு எண்ணும் மற்றவை எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து மாறும்.

இனி இலக்கு. வரைபடப்படி ஆ போக வேண்டிய இடம் 1549.32. ஆனால் அது குளிர்ந்த நிலையிலேயே 1549.71-இல் நிற்கிறது, இலக்கைத் தாண்டி 0.39 முன்னால். நீலப் பக்கம் இழுக்க முடியாது. ஒரு முழுச் சுற்று சுற்றி முந்தைய ஒத்ததிர்வை அங்கே கொண்டுவரலாம். 8.7 நானோமீட்டர் நகர வேண்டும், 32 மில்லிவாட், வளையத்தில் 116 டிகிரி ஏற்றம். முடியும். ஆனால் ஒரே ஹீட்டர் அவ்வளவு எரிந்தால் இரண்டு பக்கத்து வளையங்களும் ஒரு பள்ளத்தின் அகலத்துக்கு மேல் தள்ளப்படும்.

அதைவிட நல்ல வழி, எந்த வளையம் எந்த அலைநீளத்தை எடுக்கிறது என்பதை மாற்றிக்கொள்வது. இ ஏற்கெனவே 1549.02-இல் இருக்கிறது, 1549.32-க்கு 0.30 போதும். ஆ 1550.92-க்குப் போகட்டும், 1.21 நகர்ந்தால் போதும். அ-வுக்கு 1.37, ஈ-க்கு 0.64. மொத்தம் 3.52 நானோமீட்டர், நாலு ஹீட்டர்களுக்கும் சேர்த்து 13 மில்லிவாட். ஒரே வளையத்துக்கு 32 கொடுக்கவிருந்த இடத்தில் நாலுக்கும் 13. வெளிவழியில் எந்த டிடெக்டர் எந்தச் சேனல் என்பதை மென்பொருளில் மாற்றி எழுதினால் முடிந்தது. சிப்பில் நடப்பதை மாற்ற முடியாதபோது பெயரை மாற்றிக்கொள்வது முழு நியாயமான பொறியியல் என்றே நினைக்கிறேன். வளையங்களைத் தொடக்கத்திலேயே சமமான இடைவெளியில் விட்டு, சிப் வந்த பிறகு சேனல்களை ஒதுக்குவதுதான் சரியான வரிசை.

இ-க்கு 0.30 மட்டுமே என்பதில் ஒரு நெருக்கடி உண்டு. பக்கத்து ஹீட்டர்களின் கசிவிலேயே அதில் கொஞ்சம் கழிந்துவிடும், மிச்சம் ஒரு மில்லிவாட் அளவில். சிப் எதற்காகவாவது நாலு டிகிரி சூடானால் அதன் ஹீட்டர் பூஜ்யத்தைத் தொட்டு, கட்டுப்பாடு கையை விட்டுப் போகும். அதனால் மேடையை 30-லிருந்து 28 டிகிரிக்கு இறக்கினோம். எல்லா வளையங்களும் 0.15 நீலப் பக்கம் போயின, இ-க்கு அந்த அளவுக்கு மேல்நோக்கித் தள்ள இடம் கிடைத்தது. நாலுக்கும் சேர்த்து கூடுதல் செலவு 2 மில்லிவாட்டுக்குச் சற்று மேல். 28 டிகிரியில் பனியும் கோக்காது.

பிடித்து நிறுத்துதல்

அணி நம்மை இலக்குக்குப் பக்கத்தில் கொண்டுவிடும், அங்கேயே நிறுத்தாது. தெர்மிஸ்டர் மேடைக்குள் இருக்கிறது, சிப் மேலே திறந்த காற்றில் இருக்கிறது. இரவில் ஏசி நின்று அறை சூடாகும்போது மேடை ஆடாமல் 28 காட்டினாலும் வளையங்கள் மெல்ல நகர்ந்தன. ஆகவே ஒவ்வொரு வெளிவழியிலும் ஒளியை அளக்க இருக்கும் போட்டோடையோடைப் பார்த்துத் திருத்தும் சுற்று ஒன்று வேண்டியிருந்தது.

செய்தது இதுதான். ஒவ்வொரு ஹீட்டரின் பவரிலும் 20 மைக்ரோவாட் அளவுக்கு ஒரு சின்ன ஆட்டம் சேர்த்தோம். வளையம் 0.005 நானோமீட்டர் முன்னும் பின்னும் ஆடும், தகவலுக்குப் பாதகமில்லை. வெளிவரும் ஒளியில் அந்த ஆட்டம் எந்தப் பக்கம் சாய்ந்து தெரிகிறது என்று பார்த்தால், உச்சிக்கு இடதா வலதா என்று தெரிந்துவிடும். உச்சியில் சரியாக நிற்கும்போது அந்த அதிர்வெண்ணில் எதுவும் தெரியாது. ஒன்றின் ஆட்டம் மற்றதில் கலந்து குழப்பாமல் இருக்க 1.1, 1.3, 1.7, 1.9 கிலோஹெர்ட்ஸ் என்று தனித்தனி அதிர்வெண்கள். ஹீட்டர் இருபது மைக்ரோ வினாடியில் பதில் சொல்கிறது, அதனால் இந்த வேகத்தில் ஆட்டம் தடையில்லாமல் வளையத்தை எட்டுகிறது. திருத்தும் சுற்றை மட்டும் மெதுவாக, வினாடிக்குப் பத்து முறை என்ற கணக்கில் ஓடவிட்டோம். அறையின் சூடு அதைவிட மெதுவாகத்தான் மாறும்.

திருத்தத்தை நேரடியாக அந்தந்த ஹீட்டருக்குக் கொடுக்காமல் கசிவு அணி வழியாகவே அனுப்பினோம். ஆ-வைத் திருத்தும்போது அ-வுக்கும் இ-க்கும் போகும் சூடு அதே நொடியில் கழிக்கப்பட்டுவிடும். இப்படிச் செய்யாமல் விட்டால் ஒருவர் திருத்த மற்றவர் நகர, நாலு சுற்றுகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். முதலில் அணியை வைத்து இலக்குக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அதன் பிறகே சுற்றைப் பூட்டுவோம். தூரத்திலிருந்து தேடவிட்டால் வழியில் தென்படும் வேறு சேனலில் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

இப்போது சிப் ஏசி இல்லாத இரவிலும் நாலு சேனல்களையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த சிப்பின் வரைபடத்தில் மாற்றங்கள் சேர்ந்துவிட்டன. ஹீட்டருக்கு ஒரு கிரவுண்ட் என்று நாலு தனிப் பேட்கள், அதற்கான இடத்துக்கு இரண்டு சோதனை அமைப்புகளை எடுத்துவிட்டோம். சோதனை வளையம் ஒன்றுக்கு மூன்றாக, சிப்பின் மூன்று மூலைகளில். டைட்டானியம் நைட்ரைடுக்குப் பதிலாக வளையத்தின் உட்பக்கத்திலேயே மாசு சேர்த்த சிலிக்கானை ஹீட்டராக வைத்த ஒரு பிரதியும் போகிறது. சூடு அலைவழிக்கு அருகிலேயே பிறப்பதால் மில்லிவாட்டுக்கு 0.27 என்ற எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.